கருவியும் கையேடும்: மின்னளவியின் குறியீடுகளைப் படிக்கும் முறை

கடையிலிருந்து ஒரு கருவியை வாங்கி வரும்பொழுது அதனோடு ஒரு சிறு நூலும் வீடு வந்து சேர்கிறது. கருவியை எடுத்துக்கொண்டு நூலைப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். மின்விசிறிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இவ்வழக்கத்தால் பெருந்தீங்கு நேர்ந்துவிடுவதில்லை. விசிறி சுழலவில்லையென்றால் சுழலவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அளவைக் கருவிகளின் நிலை அவ்வாறன்று. தவறான முறையிற் கையாளப்பட்டபோதும் அவை ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண் பொய்யென்று கருவி எடுத்துச் சொல்லாது. சொல்லும் இடம் ஒன்றே உண்டு; அது பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் அந்தத் தாள்.

இவ்வுண்மையை விளக்குவதற்கு மல்டிமீட்டர் என வழங்கும் மின்னளவியைக் காட்டிலும் ஏற்ற கருவி வேறில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியால் அளக்கும் இக்கருவியின் முன்னோடி, 1923-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 'ஆவோமீட்டர்' ஆகும். அஞ்சல்துறைப் பொறியாளரான டொனால்ட் மெக்கடீ என்பவர் அதனைப் படைத்தார். ஆம்பியர், வோல்ட், ஓம் என்னும் மூன்று அலகுகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததே 'ஆவோ' என்னும் பெயர். முள் அசைந்து அளவு காட்டிய அந்தக் கனத்த கரும்பெட்டியின் உற்பத்தி 2008-இல் நின்றது. இன்று உள்ளங்கையில் அடங்கும் எண்காட்டி மின்னளவிகள் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கின்றன. உலர்மின்கலம், மின்குமிழ், விசை ஆகியவற்றைக் கொண்டு மின்சுற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனை வாங்குவதில் வியப்பில்லை. வாங்கியவர், வகுப்பில் ஒன்றரை வோல்ட் மின்கலத்தை அளந்து காட்டியதோடு நிற்பாராயின் கவலையில்லை. அதே கருவியை அதே மனநிலையோடு சுவரிலுள்ள மின்செருகியில் நுழைக்கும்போதுதான் கையேட்டின் அருமை தெரியவரும். சில வேளைகளில் காலங்கடந்து தெரியவரும்.

பாயிரம் கற்றவருக்குக் கையேடு புதிதன்று

கையேடு என்பது கதை நூலன்று. முதற்பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டிய நியதி அதற்கில்லை. ஆயினும் அதனைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. தமிழாசிரியர்க்கு அம்முறை புதியதன்று. நூலுக்குள் புகுமுன் பாயிரத்தைக் கற்க வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவை எட்டு என நன்னூல் வகுத்துள்ளது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றுட் பலவும் மின்னளவிக் கையேட்டின் முதலிரு பக்கங்களில் இருப்பதைக் காணலாம். கருவியின் பெயரும் எண்ணும் நூற்பெயர். இன்ன தரவிதியைப் பின்பற்றிச் செய்யப்பட்டது என்பது வழி. இத்தனை வோல்ட்டுக்கு மேற்செல்லலாகாது என்பது எல்லை. பயிற்சி பெற்றவர் மட்டுமே இன்ன வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது கேட்போர். ஒப்புமையை இதற்கு மேல் இழுத்துச் செல்லத் தேவையில்லை. யாப்புக்கு இணை தேடினால் இடர்ப்பட நேரும். ஆனால், எல்லையும் கேட்போரும் முதலில் சொல்லப்படுவதன் காரணம் இரண்டிடத்தும் ஒன்றே. தகாதவர் கையிற் சேராமலும், தகாத இடத்திற் செல்லாமலும் காப்பதற்கே அவை முன்னிற்கின்றன.

நூற்பெயரை முதலிற் பார்ப்பதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒரே தோற்றமுடைய கருவிகளை ஒரே தொழிற்சாலை ஐந்தாறு எண்களில் வெளியிடுவது வழக்கம். அவை அனைத்துக்கும் ஒரே கையேட்டை அச்சிட்டு, 'இவ்வசதி இன்ன எண்ணுடைய கருவிக்கு மட்டும்' என்று ஓரத்திற் சிற்றெழுத்தில் குறித்துவிடுவர். அக்குறிப்பைக் கவனியாதவர், தம் கருவியில் இல்லாத பொத்தானைத் தேடிக் களைப்பர்.

குறிகளும் எழுத்துகளும்

பாயிரத்தை அடுத்துக் குறியீட்டுப் பட்டியல் வரும். இதனை ஒரு முறையேனும் முழுதும் படித்தாக வேண்டும். குறியீடு என்பது அறிந்தவருக்குச் சொல், அறியாதவருக்குக் கீறல். பழைய கணக்கேடுகளிலும் ஆவணங்களிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படி என்பதற்கு ௸ என எழுதினர். பாட்டனார் கைப்பட எழுதிய ஓலையையோ பத்திரத்தையோ பேரன் படிக்க இயலாமற் போவதற்குத் தமிழ் தெரியாமை காரணமன்று. இந்நான்கைந்து குறிகள் தெரியாமையே காரணம். மின்னளவியின் முகத்திலுள்ள குறிகளும் இத்தன்மையனவே.

'வி' என்னும் ஆங்கில எழுத்தின் மேல் அலைபோன்ற கோடு இருந்தால் அது மாறுதிசை மின்னழுத்தம். வீட்டு மின்சாரம் இவ்வகை. நேர்கோடும் அதன்கீழ் மூன்று சிறு துண்டுக் கோடுகளும் இருந்தால் அது நேர்திசை. மின்கலமும் வண்டி மின்கல அடுக்கும் இவ்வகை. குதிரை லாடம் போன்ற கிரேக்க எழுத்து 'ஓமேகா' மின்தடைக்கு உரியது. ஒலியலைகள் பரவுவது போன்ற வளைகோடுகள் தொடர்ச்சிச் சோதனையைக் குறிக்கும். முக்கோணத்துக்குள் வியப்புக்குறி இருப்பின், 'கையேட்டைப் பார்' என்பது அதன் பொருள். இதனைப் பொதுவான அச்சுறுத்தலாகக் கருதி விட்டுவிடுகின்றனர். அது அச்சுறுத்தலன்று, முகவரி. இவ்விடத்தைப் பற்றிய செய்தி நூலுள் இருக்கிறது, போய்ப் பார் என்று அது சுட்டுகிறது. ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் இரட்டை மின்காப்பைக் காட்டும். இவை தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறுபடாமல் இருப்பதற்குப் பன்னாட்டுத் தர அமைப்புகளே காரணம். அவற்றுள் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1906-இல் தோன்றியது.

எழுத்துகளிற் பெரியது சிறியது என்னும் வேறுபாடு தமிழில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்தின் வடிவ வேறுபாட்டைத் தமிழ் மாணவர் அழகு கருதிய வேறுபாடாகவே எண்ணிவிடுவர். மின்னளவியில் அது பொருள் வேறுபாடு. சிறிய 'எம்' மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒன்று. பெரிய 'எம்' மெகா, அதாவது பத்து இலட்சம். இரண்டுக்கும் இடைவெளி நூறு கோடி மடங்கு. கிலோவுக்குரிய 'கே' சிறிய எழுத்து. பெரிய 'கே' வெப்பநிலை அலகான கெல்வினுக்கு உரியது. 1960-இல் பன்னாட்டு அலகுமுறை இப்பெயரோடு நிலைபெற்ற பின்னரும் பழைய மின்வரைபடங்களிற் பெரிய 'கே' கிலோவுக்கு நின்றதுண்டு. ஆதலின் பழைய படத்தையும் புதிய கையேட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் விழிப்போடிருத்தல் வேண்டும். கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியர் இவ்வெழுத்துகளின் உயரத்தை ஏனோதானோவென்று எழுதுவாராயின், மாணவர் பிழையைக் குறை கூற அவருக்கு வழியில்லை.

அச்சுமுறையிலும் சில வழக்கங்கள் உண்டு. பகர அடைப்புக்குள் இருப்பது அழுத்த வேண்டிய பொத்தானின் பெயர் என்றும், தடித்த எழுத்தில் இருப்பது திரையில் தோன்றும் சொல் என்றும், வட்டத்துக்குள் இருக்கும் எண் படத்திலுள்ள உறுப்பின் எண் என்றும் பல கையேடுகள் கொள்கின்றன. ஆனால், இவ்வழக்கம் எல்லாக் கையேட்டுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தந்தக் கையேடு தன் வழக்கத்தைத் தொடக்கத்தில் எங்கேனும் சொல்லியிருக்கும்; அதனைத் தேடிப் பிடித்துக்கொண்டு மேலே செல்க.

எச்சரிக்கை என்னும் ஒரே சொல்

கையேடுகளில் 'வார்னிங்', 'காஷன்', 'நோட்' என மூன்று தலைப்புச் சொற்கள் அடிக்கடி வரும். மின்னளவிக் கையேடுகளிற் பெரும்பான்மையும், முதலாவதை ஆளுக்கு நேரும் தீங்குக்கும், இரண்டாவதைக் கருவிக்கு அல்லது சோதிக்கப்படும் பொருளுக்கு நேரும் சேதத்துக்கும், மூன்றாவதை வெறும் விளக்கத்துக்கும் வைத்திருக்கின்றன. தமிழில் சொல்லும்போது முதலிரண்டையும் 'எச்சரிக்கை' என்றே சொல்லிவிடுகிறோம். உயிர் போகும் செய்தியும் உருகி போகும் செய்தியும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. பத்து எச்சரிக்கைகளில் எட்டு கருவியைப் பற்றியவை என்று கண்டுகொண்ட படிப்பாளி, மற்ற இரண்டையும் அவ்வாறே கருதித் தாண்டிச் செல்வது இயல்பு. முதலாவதற்கு 'உயிர் எச்சரிக்கை' என்றும் இரண்டாவதற்கு 'கருவிக் காப்பு' என்றும் வழங்கினால் இக்குழப்பம் நீங்கும். வேறு நல்ல சொற்கள் கிடைப்பினும் ஏற்கலாம். இரண்டுக்கும் இரு சொற்கள் வேண்டும் என்பதே முதன்மை.

வினைமுற்றுகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. தரவிதி எழுதுவோர் ஆங்கிலத்தில் 'ஷால்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் இசைவு, 'கேன்' என்றால் இயலுமை என வரையறுத்துக்கொண்டுள்ளனர். தமிழில் முதலிரண்டுக்கும் 'வேண்டும்' என்பதும், பின்னிரண்டுக்கும் '-லாம்' என்பதும் வந்து அமர்ந்துகொள்கின்றன. இதனால் விளையும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1000 வோல்ட் எல்லையுடைய சில சிறு மின்னளவிகளின் கையேட்டில், அதற்கு மேற்பட்ட மின்னழுத்தத்தையும் திரை காட்டக்கூடும். ஆயினும் உள்ளுறுப்புகள் கெடும் ஆதலின் இணைக்கலாகாது என்னும் கருத்து இருக்கும். அதன் முற்பகுதியை, 'அதற்கு மேலும் அளக்கலாம்' என்று ஒருவர் தமிழ்ப்படுத்துவாராயின், இயலுமை இசைவாக மாறிவிடுகிறது. 'காட்ட இயலும், இணைத்தல் கூடாது' என்று எழுதின் ஐயமில்லை. கட்டாயத்துக்கு 'வேண்டும்', பரிந்துரைக்கு 'நலம்', இசைவுக்கு '-லாம்', இயலுமைக்கு 'இயலும்' என நான்கையும் பிரித்து வழங்கத் தமிழில் இடமுண்டு. சொல்வளம் குறைவாலன்று, பழக்கக் குறைவாலேயே இவை கலந்து வருகின்றன.

சொற்றொடர் அமைப்பைப் பொறுத்தவரை தமிழுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. 'மூடியைத் திறக்கவும், கம்பிகளைக் கழற்றிய பின்' என்னும் பொருள்பட ஆங்கிலத் தொடர் அமைந்தால், அவசரக்காரர் முதற்பாதியைப் படித்ததும் மூடியைத் திறந்துவிடுவார். தமிழோ, 'கம்பிகளைக் கழற்றிய பின் மூடியைத் திறக்கவும்' என்று நடக்க வேண்டிய வரிசையிலேயே சொல்லும். இது நன்மை. விலக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆங்கிலத்தில் 'செய்யாதே' என்பது தொடக்கத்தில் நிற்க, தமிழில் அது தொடரின் இறுதி எழுத்துகளில் வந்து நிற்கிறது. 'கம்பிகள் மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது சுழல்விசையைத் திருப்பா...' என்பது வரையில் படிப்பவருக்கு அது ஏவலா விலக்கா என்பது தெரியாது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் செய்யும் வகுப்பறையில் இது உண்மையான இடையூறு. 'செய்யலாகாதவை' என்று தலைப்பிட்டு, விலக்குகளை அதன்கீழ்த் தனியே எழுதுவதே தக்க வழி.

மூன்று துளைகள்

மின்னளவியின் அடிப்பகுதியில் பெரும்பாலும் மூன்று துளைகள் இருக்கும். நடுவில் அல்லது ஓரத்தில் 'காம்' எனப் பொறித்தது பொதுத்துளை. கறுப்புக் கம்பிக்கு எக்காலும் அதுவே இடம். சிவப்புக் கம்பிக்கு மட்டும் இரு இடங்கள். வோல்ட், ஓம், மில்லி ஆம்பியர் ஆகியவற்றுக்கு ஒரு துளை. பத்து ஆம்பியருக்கு மற்றொரு துளை. படத்தில் இவை ஒன்றையொன்று ஒத்த மூன்று வட்டங்கள். விபத்துகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மின்னழுத்தம் அளக்கும்போது கருவியின் உட்தடை மிகப் பெரிது. ஆகவே அதன் வழியே பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது. மின்னோட்டம் அளக்கும்போதோ கருவி, சுற்றின் நடுவில் ஒரு கம்பித் துண்டைப்போல் நிற்க வேண்டியிருத்தலின், பத்து ஆம்பியர்த் துளைக்கும் பொதுத்துளைக்கும் இடையே தடை ஏறத்தாழ இல்லை எனலாம். நேற்று மின்னோட்டம் அளந்துவிட்டுச் சிவப்புக் கம்பியை அத்துளையிலேயே விட்டுவைத்த ஒருவர், இன்று சுழல்விசையை வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு இரு ஊசிமுனைகளையும் மின்செருகியின் இரு துளைகளில் வைக்கிறார் எனக் கொள்வோம். அவர் அளப்பதாக எண்ணுகிறார். உண்மையில் 230 வோல்ட் மின்சாரத்தின் இரு முனைகளையும் ஒரு தடித்த கம்பியால் இணைக்கிறார். சுழல்விசை வோல்ட்டில் நிற்பது அவரைக் காப்பாற்றாது. துளைதான் கணக்கு.

அப்பொழுது உயிரைக் காக்கும் உறுப்பு உள்ளே இருக்கும் உருகி. துளையின் அருகே ஒரு சிறு குறிப்பு இருக்கும். 'எஃப் 10 ஆம்பியர் 600 வோல்ட்' என்றிருந்தால் 'எஃப்' விரைந்து உருகுவது என்று பொருள். 'டி' என்றிருந்தால் சற்றுத் தாழ்த்து உருகுவது. பலர் ஆம்பியரை மட்டும் பார்த்துக் கடையில் வேறு உருகி வாங்கிப் பொருத்துகின்றனர். வோல்ட் எண்ணுக்கும் பொருள் உண்டு. உருகி அறுந்த கணத்தில் அறுந்த இரு முனைகளுக்கும் இடையே மின்பொறி வளைந்து எரியும். அதனை அவித்து அடக்கும் ஆற்றல் எந்த மின்னழுத்தம் வரை உண்டு என்பதை அவ்வெண் கூறுகிறது. கண்ணாடிக் குழாயிலான சிற்றுருகி அவ்வாற்றல் இன்றி வெடித்துவிடக்கூடும். செப்புக் கம்பியையோ வெள்ளித் தாளையோ சுற்றிப் பொருத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில மலிவான கருவிகளில் இத்துளையருகே 'உருகி இல்லை' என்றே அச்சிட்டிருக்கும். அதனைப் படித்தவர் அக்கருவியை மின்கலத்தோடு நிறுத்திக்கொள்வர்.

'10 ஆம்பியர், 10 வினாடி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை' என்னும் பொறிப்பும் சிலவற்றில் உண்டு. பத்து வினாடிக்கு மேல் அளக்கலாகாது, அளந்தபின் பதினைந்து நிமிடம் உள்ளுறுப்பு ஆற வேண்டும் என்பது பொருள்.

துளைகளுக்கு அருகே 'கேட்' என்னும் மூன்றெழுத்தும் உரோமன் எண்ணும் வோல்ட் அளவும் காணப்படும். இது பாதுகாப்பு வகை. இரண்டாம் வகை மின்செருகியில் பொருத்தும் கருவிகளுக்கு. மூன்றாம் வகை கட்டடத்தின் நிலையான மின்கம்பிகளுக்கும் பகிர்வுப் பெட்டிக்கும். நான்காம் வகை வெளியிலிருந்து மின்சாரம் கட்டடத்துக்குள் வந்து சேரும் இடத்துக்கு. இடி மின்னலாலும் பெரிய இயந்திரங்களை நிறுத்துவதாலும் மின்கம்பியில் கணநேரம் பாயும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எவ்விடம் வரை தாங்கும் என்பதே இவ்வகைப்பாடு. வோல்ட் எண் பெரிதாயிருப்பதே பாதுகாப்பு என எண்ணுவது பிழை. இரண்டாம் வகை 1000 வோல்ட் கருவியும் மூன்றாம் வகை 600 வோல்ட் கருவியும் சோதனையில் தாங்க வேண்டிய கணநேரப் பாய்ச்சல் 6000 வோல்ட் என்னும் ஒரே அளவுதான். ஆனால், முன்னதைச் சோதிக்கும்போது மின்வழியில் 12 ஓம் தடையும், பின்னதைச் சோதிக்கும்போது 2 ஓம் தடையும் வைக்கின்றனர். எனவே பின்னதற்குள் பாயக்கூடிய மின்னோட்டம் ஆறு மடங்கு. மூன்றாம் வகை 600 வோல்ட் கருவியே வலியது. பகிர்வுப் பெட்டியைத் திறந்து அளப்பது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை என்பதையும் இங்கே சொல்லி வைப்பது நலம்.

எண் எவ்வளவு மெய்

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை அட்டவணையாக எண்கள் இருக்கும். ஆசிரியர் பலரும் அங்கே செல்வதில்லை. ஆனால், வகுப்பறைக்கு மிகவும் பயன்படும் பகுதி அதுவே.

'±(0.5% + 2 இலக்கம்)' என்பது போன்ற ஒரு குறி அங்கே காணப்படும். இதிற் சதவிகிதம் என்பது திரையில் தோன்றும் அளவில் அரைச் சதவிகிதம். 'இரண்டு இலக்கம்' என்பது இரண்டு தசம இடங்கள் அன்று. திரையின் கடைசி இலக்கத்தில் இரண்டு எண் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதாம். தமிழில் இதனைக் 'கடையிலக்கம் இரண்டு' என்று சொன்னால் தெளிவாக விளங்கும்.

ஒரு வண்டியின் மின்கல அடுக்கை அளப்பதாகக் கொள்வோம். 20 வோல்ட் எல்லையில் வைத்து அளந்தால் திரை 12.60 என்று காட்டுகிறது. அரைச் சதவிகிதம் 0.063. கடையிலக்கம் இரண்டு என்பது இங்கே 0.02. மொத்தம் 0.083. ஆகவே உண்மை அளவு ஏறக்குறைய 12.52-க்கும் 12.68-க்கும் இடையில் இருக்கிறது. அதே கருவியை 200 வோல்ட் எல்லைக்குத் திருப்பி அளந்தால் திரை 12.6 என்கிறது. சதவிகிதம் முன்போல் 0.063. ஆனால், கடையிலக்கம் இரண்டு என்பது இப்பொழுது 0.2. மொத்தம் 0.263. உண்மை அளவு 12.34-க்கும் 12.86-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஈய அமில மின்கல அடுக்கு, மின்னேற்றம் நிறைந்து ஓய்வில் இருக்கையில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தபோது ஏறத்தாழ 12.2. முதல் அளவு, அடுக்கு நிறைந்திருக்கிறது என்று துணிவதற்கு உதவும். இரண்டாம் அளவு, நிறைந்ததையும் ஓரளவு தீர்ந்ததையும் பிரித்துக் காட்டாது. திரையிலோ இரண்டிலும் 12.6 என்றே இருக்கிறது. கடைசிச் சுழி ஒன்றே வேறுபாடு. கணிதத்தில் 12.6-உம் 12.60-உம் ஒன்று என்று கற்பித்த ஆசிரியர், அளவையில் அவை ஒன்றல்ல என்று கற்பிப்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முள் அசையும் பழைய கருவிகளில் சதவிகிதம் வேறு வகை. அங்கே அது முழு அளவுகோலின் சதவிகிதம். 250 வோல்ட் எல்லையில் 3% என்றால், முள் எங்கே நின்றாலும் பிழை 7.5 வோல்ட். அவ்வெல்லையில் 12 வோல்ட்டை அளப்பதும் அளவாமல் விடுவதும் ஒன்றே. முள் அளவுகோலின் மேற்பகுதியில் நிற்குமாறு எல்லையைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று பழைய கையேடுகள் கூறியதன் காரணம் இதுதான்.

'மூன்றரை இலக்கத் திரை' என்னும் குறியைக் கண்டு திகைப்பாரும் உண்டு. அரை இலக்கம் என்று ஒன்று உலகில் இல்லை. முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயரிட்ட தமிழ்க் கணக்கரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. மூன்று இடங்களில் 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் வரும். முதல் இடத்தில் வெற்றிடம் அல்லது 1 மட்டுமே வரும். ஆகவே திரை காட்டும் மிகப் பெரிய எண் 1999. அதற்கு மேற்போனால் சில கருவிகள் 'ஓ எல்' என்றும், சில மலிவான கருவிகள் இடப்பக்கத்தில் 1 என்று மட்டும் காட்டியும் நிற்கும். அறுந்த கம்பியின் தடையை அளந்துவிட்டு, 'ஒரு ஓம்தான், கம்பி நன்றாக இருக்கிறது' என்று குறித்துக்கொள்வது இந்த 1-ஐப் படிக்கத் தெரியாமையால் நேர்வது. எல்லை மீறியது என்பதே அதன் பொருள்.

மாறுதிசை மின்சாரத்தில் பிழையெல்லை இன்னும் விரியும். 750 வோல்ட் எல்லையில் ±(1.2% + 10 இலக்கம்) என்றிருக்கும் ஒரு சிறு கருவி, பள்ளியின் மின்செருகியில் 238 என்று காட்டுகிறது எனின், சதவிகிதத்தால் ஏறத்தாழ 3, கடையிலக்கத்தால் 10, ஆக 13 வோல்ட் இப்புறமோ அப்புறமோ இருக்கலாம். மலேசியாவில் 2008-இலிருந்து பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். 10% கூடவும் 6% குறையவும் இசைவுண்டு. அஃதாவது 216.2 முதல் 253 வரை. 225-க்கும் 251-க்கும் இடையில் உள்ளதாகக் கருவி சொல்லும் ஓர் அளவைக் கொண்டு மின்வாரியத்தின் மேற் குறை கூறுவதற்கு இடமில்லை.

இவ்வெல்லைகளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அட்டவணையின் தலையிலோ காலிலோ '23 ± 5 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்குக் குறைவு, ஓராண்டு வரை' என்பது போல் எழுதியிருக்கும். வேறோர் இடத்தில் 'இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 பாகை' என்றும் இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. 40 பாகை வரை கருவி கெடாமல் இயங்கும். ஆனால், சொன்ன துல்லியத்தோடு இயங்குவது 18 முதல் 28 பாகை வரையே. குளிரூட்டி வைத்த ஆய்வகத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நிபந்தனை இது. தகரக் கூரையின்கீழ் 32 பாகையில் வேர்த்துக்கொண்டிருக்கும் வகுப்பறை அதற்கு வெளியே இருக்கிறது. அதற்கும் கையேடு வழி சொல்லும்: 'வெப்பநிலைக் கெழு, ஒரு பாகைக்குக் குறித்த துல்லியத்தின் பத்திலொரு பங்கு' என்று ஒரு வரி இருந்தால், 28-க்கு மேற்பட்ட நான்கு பாகைக்கும் அரைச் சதவிகிதத்தோடு 0.2 சதவிகிதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கும் தொகை சிறிதே. ஆயினும், கையேட்டில் எழுதிய எண் எந்த ஊருக்கு எழுதியது என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வரவேண்டும்.

தொடர்ச்சிச் சோதனையில் எழும் 'கீ' ஒலியையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். பல கருவிகளில் 30 அல்லது 50 ஓமுக்குக் கீழே எந்தத் தடைக்கும் ஒலி எழும். ஒலி கேட்டதனால் கம்பி முழுதும் நலமாக இருக்கிறது என்பது பெறப்படாது.

இனிச் செயல்முறை. கறுப்புக் கம்பியை முதலிற் பொருத்திச் சிவப்பைப் பின்னர்ப் பொருத்துதல், கழற்றும்போது சிவப்பை முதலிற் கழற்றுதல், அளவு தெரியாதபோது மேல் எல்லையில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்குதல், மின்சாரம் உள்ள சுற்றில் தடையை அளவாதிருத்தல் ஆகியன எல்லாக் கையேட்டிலும் பொதுவானவை. ஒன்று மட்டும் சற்று விரித்துரைக்கத் தக்கது. மின்சாரம் நின்றுவிட்டதா என்று அறிவதற்கு மின்னளவியைப் பயன்படுத்துவோர், திரை சுழியைக் காட்டியவுடன் கம்பியைத் தொட்டுவிடலாகாது. கம்பி முறிந்திருந்தாலும், துளை மாறியிருந்தாலும், திரை அதே சுழியையே காட்டும். மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் அளந்து கருவி நலமாயிருத்தலைக் காண வேண்டும்; பின்னர்ச் சந்தேகத்துக்குரிய இடத்தை அளக்க வேண்டும்; அதன்பின் மறுபடியும் முன்னைய இடத்தில் அளந்து, இடையிற் கருவி கெடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் முறையைப் பலர் வீண் வேலை என்பர். இரண்டாம் முறையில் வந்த சுழிக்குச் சான்று மூன்றாம் முறைதான்.

திரையின் மூலையில் மின்கலப் படம் தோன்றினால் அளவையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கருவியின் சொந்த மின்கலம் தளரும்போது திரை தவறான எண்களைக் காட்டத் தொடங்கும். புதிய மின்கலம் மாற்றிய நாளையும், மாற்றிய உருகியின் முழுக் குறிப்பையும் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வைப்பது வழக்கமாகட்டும். துளைகளின் படத்தை ஒரு தாளில் பெரிதாக வரைந்து, ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால், கையேடு காணாமற் போன பின்னும் அடுத்து வரும் ஆசிரியருக்கு அது கிடைக்கும்.